சூரியப் படங்களில் தோன்றும் வளையங்களும் பட்டைகளும்

சூரியனைத் தொலைநோக்கியின் வாயிலாகக் காமிராவில் பதிவு செய்யும் பணி இன்று பெரிய ஆராய்ச்சி நிலையங்களோடு நின்றுவிடவில்லை. கல்லூரிகளிலும், ஆர்வமுள்ள ஆசிரியர்கள் பணிபுரியும் பள்ளிகளிலும் சிறு தொலைநோக்கிகளைக் கொண்டு இப்பணி நடைபெறுகிறது. அவ்வாறு எடுக்கப்படும் படங்களில், குறிப்பாக ஹைட்ரஜன் ஆவியின் சிவப்பு ஒளியில் எடுக்கப்படும் படங்களில், அடிக்கடி ஒரு தொல்லை நேர்வதுண்டு. சூரிய வட்டத்தின்மீது ஒன்றினுள் ஒன்றாக அமைந்த வளையங்களோ, வளைந்த வரிகளோ, நேரான பட்டைகளோ படிந்து காணப்படும். இவை சூரியனில் உள்ளவை அல்ல, கருவியினுள் பிறந்தவை. இவை எவ்வாறு தோன்றுகின்றன, இவற்றை எவ்வாறு அடையாளம் காண்பது, உண்மையான விவரங்களைச் சிதைக்காமல் எவ்வாறு நீக்குவது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இது படத்தின் அழகைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையத்தில் 1904ஆம் ஆண்டு முதல் கால்சியத்தின் ஒளியிலும், 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியிலும் சூரியனைப் படம்பிடித்த தட்டுகள் சேர்த்து வைக்கப்பட்டன. அவற்றை எடுத்தவர்கள் நினைத்தும் பார்த்திராத வினாக்களுக்கு விடை காணும் பொருட்டு, பிற்கால விஞ்ஞானிகள் அத்தட்டுகளை எண்ணுருவாக்கி ஆராய்ந்து வருகின்றனர். இன்று எடுக்கப்படும் படமும் நாளைய சான்றே. அதில் கருவியின் குறை கலந்துவிட்டால், பின்னர் வருபவர் அதனைச் சூரியனின் இயல்பு என்று கொள்ளக்கூடும்.

வளையங்கள் தோன்றும் காரணம்

மழைக்காலத்தில் தாராவியின் 90 அடிச் சாலையில் தேங்கிய நீர்மேல் வண்டிகளின் எண்ணெய் சிந்திப் பரவும்போது, வானவில்லின் நிறங்கள் தோன்றுவதைக் காணாதவர் இலர். எண்ணெய்ப் படலத்தின் மேற்பரப்பில் ஒளியின் ஒரு பகுதி பிரதிபலிக்கிறது. மற்றொரு பகுதி உட்சென்று அடிப்பரப்பில் பிரதிபலித்துத் திரும்புகிறது. இவ்விரு ஒளியலைகளும் ஒன்றுகூடும்போது, முகட்டோடு முகடு சேருமிடத்தில் ஒளி மிகும். முகட்டோடு பள்ளம் சேருமிடத்தில் ஒளி குன்றும். இதுவே ஒளியின் குறுக்கீட்டு விளைவு ஆகும்.

மெல்லிய படலங்களின் நிறங்களை ராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். சற்றே வளைந்த வில்லையைச் சமதளக் கண்ணாடியின்மீது வைத்து, அவற்றிடையே தோன்றும் வளையங்களை அளந்து, 1704இல் வெளிவந்த ஒளியியல் நூலில் பதிவு செய்தவர் ஐசக் நியூட்டன். அதனால் அவை நியூட்டன் வளையங்கள் எனப் பெயர் பெற்றன. அவற்றின் சரியான காரணத்தை அலைக் கொள்கையின் வழி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கியவர் தாமஸ் யங்.

காமிராவிலும் இதுவே நிகழ்கிறது. ஒளியை உணரும் சிலிக்கன் சில்லுக்கு முன்னால், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், மெல்லிய காப்புக் கண்ணாடி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். சில்லின்மீது விழும் ஒளியில் ஒரு பகுதி பிரதிபலித்துக் கண்ணாடிக்குச் சென்று, அங்கு மீண்டும் பிரதிபலித்துச் சில்லுக்கே திரும்புகிறது. நேராக வந்த ஒளியும், இவ்வாறு இருமுறை பிரதிபலித்து வந்த ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன.

சிவப்பு ஒளியில் மட்டும் ஏன்?

அதே காமிராவைக் கொண்டு சாதாரண வெள்ளொளி வடிகட்டியுடன் சூரியப் புள்ளிகளைப் படம்பிடித்தால் வளையங்கள் தோன்றுவதில்லை. ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில், அதாவது எச்-ஆல்பா ஒளியில், அவை தெளிவாகத் தோன்றுகின்றன. இதற்குக் காரணம் ஒளியின் ஒத்திசைவு நீளம் என்னும் அளவாகும்.

ஓர் ஒளியில் கலந்துள்ள அலைநீளங்களின் வீச்சு எவ்வளவு குறுகியதோ, அவ்வளவு நெடுந்தூரம் அதன் அலைகள் ஒழுங்கு குலையாமல் செல்லும். அத்தூரத்திற்கு உட்பட்ட பாதை வேறுபாடு கொண்ட கதிர்களே குறுக்கிட்டு வரிகளை உண்டாக்க வல்லவை. அலைநீளத்தை இருமடிப்படுத்தி, வடிகட்டியின் அலைவீச்சால் வகுத்தால் ஒத்திசைவு நீளம் தோராயமாகக் கிடைக்கும்.

பச்சை நிறப் பகுதியில், 540 நானோமீட்டர் அலைநீளத்தில், 10 நானோமீட்டர் வீச்சுள்ள வடிகட்டிக்கு இக்கணக்கு 0.03 மில்லிமீட்டர் என்று தருகிறது. சில்லுக்கும் காப்புக் கண்ணாடிக்கும் இடையே ஒளி சென்று திரும்பும் பாதையோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ஆகவே வரிகள் அழிந்துவிடுகின்றன. எச்-ஆல்பா ஒளியின் அலைநீளம் 656.28 நானோமீட்டர். அதற்குரிய வடிகட்டி அரை ஆங்ஸ்ட்ராம், அதாவது 0.05 நானோமீட்டர், வீச்சை மட்டுமே விடுமாயின், ஒத்திசைவு நீளம் 8.6 மில்லிமீட்டர் ஆகிறது. காமிராவினுள் நிகழும் பிரதிபலிப்புகள் அனைத்தும் இவ்வெல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. கொடைக்கானலில் 2014இல் நிறுவப்பட்ட 20 செ.மீ. எச்-ஆல்பா தொலைநோக்கியின் வடிகட்டி 0.4 ஆங்ஸ்ட்ராம் வீச்சுடையது. அதற்குரிய நீளம் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர்.

சிறு தொலைநோக்கிகளில் இக்குறுகிய வீச்சைப் பிரித்துத் தரும் எட்டலான் என்னும் உறுப்பும், இணையான இரு பரப்புகளுக்கிடையே நிகழும் குறுக்கீட்டைக் கொண்டே இயங்குகிறது. சூரியனின் நிறமண்டலத்தை நமக்குக் காட்டித் தருவதும், படத்தைக் கெடுப்பதும் ஒரே இயற்கை விதியாகும்.

சிறிதளவு பிரதிபலிப்பு, பெரிய விளைவு

பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் 4 பங்கைப் பிரதிபலிக்கும். சிலிக்கன் சில்லு நூற்றில் 30 பங்கைப் பிரதிபலிப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் பட்டுத் திரும்பும் ஒளி நூற்றில் 1.2 பங்கே. இவ்வளவு சிறிய அளவு படத்தை எவ்வாறு பாதிக்கும் என்ற ஐயம் எழலாம். குறுக்கீட்டில் ஒன்றுகூடுவன ஒளிச்செறிவுகள் அல்ல, அலைகளின் வீச்சுகள். 0.012இன் இருமடி மூலம் 0.11 ஆகும். ஆதலால் முழு ஒத்திசைவு உள்ளவிடத்து ஒளிச்செறிவு ஏறத்தாழ 22 சதவிகிதம் கூடியும் குறைந்தும் காணப்படும். எதிர்பிரதிபலிப்புப் பூச்சிட்டுக் கண்ணாடியின் பிரதிபலிப்பை அரைச் சதவிகிதமாகக் குறைத்தாலும், 8 சதவிகித ஏற்றத்தாழ்வு எஞ்சும். பூச்சுள்ள காமிராக்களிலும் வளையங்கள் முற்றும் மறையாமைக்குக் காரணம் இதுவே.

அடையாளம் காணும் இரு சோதனைகள்

ஐயத்திற்குரிய ஓர் உருவம் சூரியனைச் சேர்ந்ததா, கருவியைச் சேர்ந்ததா என்பதை எளிதில் துணியலாம்.

முதலாவது சோதனை: தொலைநோக்கியைச் சூரியனைத் தொடரச் செய்யும் இயந்திரத்தைச் சிறிது நேரம் நிறுத்துக. சூரியனின் பிம்பம் தன் விட்டத்தின் அளவு நகர்ந்து செல்ல இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேலாகும். பிம்பம் நகரும்போது அதனுடன் நகர்வன சூரியனைச் சேர்ந்தவை. காமிராச் சட்டத்தில் அசையாமல் நிற்பன கருவியைச் சேர்ந்தவை.

இரண்டாவது சோதனை: காமிராவை அதன் அச்சில் கால் வட்டம் திருப்புக. சட்டத்தில் முன்னிருந்த இடத்திலேயே காணப்படும் உருவம் காமிராவில் பிறந்தது. சூரியனைச் சேர்ந்த இழைகளும் புள்ளிகளும் சட்டத்தைப் பொறுத்துத் திரும்பிவிடும். தொலைநோக்கியின் முன்வில்லையிலோ வடிகட்டியிலோ உள்ள குறைகளும் அவ்வாறே திரும்பும். ஆயினும் அவை முதற் சோதனையில் அகப்பட்டுவிடும்.

முதல் நிவாரணம்: காமிராவைச் சாய்த்தல்

படம் எடுத்த பின் திருத்துவதைவிட, எடுக்கும்போதே குறையைத் தவிர்ப்பது மேல். வளையங்களுக்குரிய சிறந்த நிவாரணம் காமிராவை ஒளியச்சுக்குச் சற்றே சாய்த்து வைப்பதாகும். இதற்கென இரு தட்டுகளும் திருகாணிகளும் கொண்ட இணைப்பு வளையங்கள் கிடைக்கின்றன.

சாய்வு எவ்வாறு பயன்படுகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். தொலைநோக்கியின் குவியத் தூரம் அதன் விட்டத்தைப்போல் 30 மடங்கு எனவும், சில்லுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி 0.7 மி.மீ. எனவும் கொள்வோம். சில்லின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒளி ஒரு குறுகிய கூம்பாக வந்து குவிகிறது. காமிரா நேராக இருந்தால், கூம்பின் நடுக்கதிருக்கும் ஓரக்கதிருக்கும் உள்ள பாதை வேறுபாடு 0.2 மைக்ரான் மட்டுமே. அதாவது அலைநீளத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. எல்லாக் கதிர்களும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் சேர்வதால் வரிகள் தெளிவாகப் பதிகின்றன. காமிராவை 2 பாகை சாய்த்தால், கூம்பின் ஓர் ஓரத்திற்கும் மறு ஓரத்திற்கும் உள்ள வேறுபாடு 1.6 மைக்ரான், அதாவது இரண்டரை அலைநீளம், ஆகிறது. ஒரு கதிர் ஒளியைக் கூட்டும் இடத்தில் மற்றொரு கதிர் குறைக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, வரிகள் மங்கி மறைகின்றன.

சாய்ப்பதால் சில்லின் ஓரங்கள் குவியத்திலிருந்து விலகுமே என்ற கவலையும் உண்டு. 11 மி.மீ. நீளமும் 7 மி.மீ. அகலமும் உள்ள சில்லை நீளவாட்டில் 2 பாகை சாய்த்தால் ஓரங்கள் 0.19 மி.மீ. விலகும். குவிய விகிதம் 30 ஆக இருக்கையில், தெளிவு கெடாமல் முன்னும் பின்னும் 1.2 மி.மீ. வரை விலக இடமுண்டு. ஆகவே இழப்பு ஏதுமில்லை. குவிய விகிதம் 10 ஆயின் அந்த இடம் 0.13 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும், அப்போது அகலவாட்டில் சாய்ப்பதே தக்கது, ஏனெனில் விலகல் 0.12 மி.மீ. அளவில் நின்றுவிடும். குவிய விகிதம் குறையக் குறையக் கூம்பு அகன்று, வளையங்களும் தாமே மெலியும். பார்லோ வில்லையால் பிம்பத்தைப் பெரிதாக்கும்போதுதான் தொல்லை மிகுகிறது.

காப்புக் கண்ணாடியையே அகற்றிவிடும் வழியைச் சிலர் மேற்கொள்வதுண்டு. மும்பை போன்ற கடற்கரை நகரில் உப்பும் ஈரமும் கலந்த காற்று சில்லை விரைவில் கெடுத்துவிடும் ஆதலால், அது பரிந்துரைக்கத் தக்கதன்று.

இரண்டாம் நிவாரணம்: சமவொளிப் படத்தால் வகுத்தல்

சாய்த்த பின்னும் மெல்லிய வரிகள் எஞ்சலாம். அவற்றை நீக்கச் சமவொளிப் படம் உதவுகிறது. எங்கும் ஒரே ஒளியுள்ள காட்சியைப் படம்பிடித்தால், அப்படத்தில் காணும் ஏற்றத்தாழ்வு அனைத்தும் கருவியுடையதே. தொலைநோக்கியின் முகப்பில் மெல்லிய வெண்ணிறப் பாலிதீன் தாளைச் சுருக்கமின்றிக் கட்டிச் சூரியனை நோக்கித் திருப்பினால் இத்தகைய படம் கிடைக்கும். சூரிய வட்டத்தின் நடுப்பகுதியை வெவ்வேறு இடங்களுக்குச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றின் ஒப்பீட்டிலிருந்தே கருவியின் ஏற்றத்தாழ்வைக் கணக்கிடும் முறை ஒன்றைக் குன், லின், லோரன்ஸ் ஆகிய மூவர் 1991இல் வெளியிட்டனர். அம்முறை சூரிய ஆராய்ச்சியில் பயன்பட்டு வருகிறது.

தொலைநோக்கியை மூடி எடுக்கும் இருட்படத்தைச் சூரியப் படத்திலிருந்தும் சமவொளிப் படத்திலிருந்தும் முதலில் கழிக்க வேண்டும். பின்னர் முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் இருத்துவது அவசியம். ஒரு கருவரி ஒளியைப் பத்தில் ஒரு பங்கு குறைக்கிறது என்போம். வட்டத்தின் நடுவே 200 ஆக இருக்க வேண்டிய ஒளி 180 ஆகும். விளிம்பில் 50 ஆக இருக்க வேண்டியது 45 ஆகும். இரண்டையும் 0.9ஆல் வகுத்தால் 200, 50 என்ற உண்மை மதிப்புகள் மீளும். நடுவில் குறைந்த 20ஐ எங்கும் கூட்டினால் விளிம்பு 65 ஆகிப் புதிய பிழை விளையும். வளையங்கள் ஒளியைப் பெருக்கும் காரணிகள், கூட்டப்பட்டவை அல்ல.

சமவொளிப் படத்தைச் சூரியப் படம் எடுத்த சில நிமிடங்களுக்குள், அதே சாய்வு, அதே குவியம், அதே வடிகட்டி நிலையில் எடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடியின் வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால், அதனூடே சென்று திரும்பும் ஒளிப்பாதை ஏறத்தாழ கால் மைக்ரான் நீளும். அதனால் வரிகள் தம் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் இடம்பெயரும். காலையில் எடுத்த சமவொளிப் படத்தை நண்பகற் படத்திற்குப் பயன்படுத்தினால், பழைய வளையம் போகாததோடு புதிய வளையமும் சேரும்.

பட்டைகள்

நேரான பட்டைகளின் காரணம் பெரும்பாலும் குறுக்கீடு அன்று. சில்லின் ஒவ்வொரு வரிசைக்கும் அல்லது நிரைக்கும் உரிய மின்பெருக்கிகள் சற்றே வேறுபடுவதால், இடம் மாறாத பட்டைகள் தோன்றுகின்றன. இருட்படத்தைக் கழிப்பதால் இவை நீங்கும். படத்திற்குப் படம் இடம் மாறும் பட்டைகளுக்கோ சராசரி எடுத்தலே மருந்து. 100 படங்களின் சராசரியில் அவை பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

மின்விளக்கொளியில் சமவொளிப் படம் எடுப்பவர்களை மற்றொரு பட்டை ஏமாற்றுவதுண்டு. 50 சுழற்சி மாறுமின்னோட்டத்தில் எரியும் விளக்கின் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறியிறங்கக்கூடும். வரிசை வரிசையாகப் பதிவு செய்யும் காமிராவில் இது பட்டைகளாக விழும். பதிவு நேரத்தை 10 மில்லிவிநாடியின் முழு மடங்காக வைத்தால் பட்டை மறையும். சூரிய ஒளியையே பயன்படுத்துவது அதனினும் நன்று.

பட்டைகளின் தொல்லை புதியதன்று. கொடைக்கானலின் பழைய தட்டுகள் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்னும் கருவியால் எடுக்கப்பட்டவை. அதில் ஒரு மெல்லிய பிளவு சூரிய பிம்பத்தின் குறுக்கே நகர, படம் கீற்றுக் கீற்றாக உருவாகும். அவ்வேளையில் மெல்லிய மேகம் கடந்தாலோ, பிளவின் நகர்ச்சி சீராக அமையாவிட்டாலோ, பிளவிற்கு இணையான கோடு ஒன்று தட்டில் விழும். கோட்டின் திசையே அதன் பிறப்பைக் காட்டிக் கொடுக்கும். சூரியனில் எதுவும் கருவியின் பிளவுக்கு இணையாக அமைய வேண்டிய கட்டாயம் இல்லை.

கணிப்பொறித் திருத்தமும் அதன் எல்லையும்

பல நூறு படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கூர்மையாக்குவது இன்றைய வழக்கம். சூரியன் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நின்றால், வளையங்களும் ஒரே இடத்தில் அடுக்கப்பட்டு, கூர்மையாக்கும்போது கண்ணுக்குத் தெரியாத வரியும் தெரியத் தொடங்கும். பிம்பத்தைச் சிறிது நகரவிட்டு எடுத்து, பின்னர் சூரியனைக் கொண்டு பொருத்தி அடுக்கினால், வரிகள் பரவி மங்கும்.

ஃபூரியர் பகுப்பு என்னும் கணித முறையால், சீரான இடைவெளியுள்ள வரிகளைப் பிரித்து நீக்கவும் இயலும். ஆயின் இங்கு எச்சரிக்கை வேண்டும். புள்ளிகளைச் சூழ்ந்துள்ள காந்தப் புலத்தை ஒட்டி நிறமண்டலத்தில் அமையும் மெல்லிய நார்களும் ஏறக்குறைய இணையாகவும் ஒத்த இடைவெளியிலும் அமைவதுண்டு. கருவியின் வரி எது, சூரியனின் நார் எது என்பதைக் கணிப்பொறி தானே அறியாது. வரியை அழிக்கும் கட்டளை நாரையும் அழித்துவிடும். எனவே மேற்கூறிய இரு சோதனைகளாலும் உறுதி செய்யப்பட்ட வரிகளையே இம்முறையால் நீக்க வேண்டும். திருத்தப்படாத மூலப் படம், இருட்படம், சமவொளிப் படம் ஆகியவற்றை நாள், நேரம், சாய்வு முதலிய குறிப்புகளுடன் என்றும் பாதுகாத்தல் வேண்டும். மூலம் இருந்தால் தவறான திருத்தத்தை மீண்டும் திருத்தலாம்.

வகுப்பறையில் செய்துகாட்டல்

விலையுயர்ந்த கருவி இல்லாத பள்ளியிலும் இதன் அடிப்படையை விளக்கலாம். நுண்ணோக்கிக்குரிய இரு கண்ணாடிச் சில்லுகளை நன்கு துடைத்து, ஒன்றன்மீது ஒன்றாகக் கருந்தாளின்மேல் வைக்கவும். சாராய விளக்கின் திரியில் சமையல் உப்பைத் தூவி எரித்தால், ஏறத்தாழ ஒரே அலைநீளமுள்ள மஞ்சள் ஒளி கிடைக்கும். இருட்டறையில் அச்சுடரின் பிரதிபலிப்பைக் கண்ணாடியில் நோக்கினால், மஞ்சளும் கறுப்புமான வரிகள் தெரியும். விரலால் மெல்ல அழுத்தினால் வரிகள் நகரும். ஒரு வரியின் நகர்ச்சி, இடைவெளியில் அரை அலைநீள மாற்றத்தைக் குறிக்கும். பின்னர் சாதாரண வெள்ளொளியில் அதே கண்ணாடிகளை நோக்கினால், தெளிவான வரிகள் பெரும்பாலும் மறைந்திருப்பதைக் காணலாம். விளக்கை ஆசிரியரே கையாளுதல் வேண்டும்.

மாதுங்கா, செம்பூர், தாராவிப் பகுதிகளின் பள்ளிகளில் சூரியனைப் படம்பிடிக்க முனைவோர் மழை ஓய்ந்த அக்டோபர் முதல் மே வரையிலான மாதங்களைத் தேர்ந்துகொள்ளலாம். தகரக் கூரைகளும் தார்ச்சாலைகளும் சூடேறியபின் காற்று கொதித்து பிம்பம் நடுங்கும். ஆகவே காலைப்பொழுதே ஏற்றது. தொலைநோக்கியின் முகப்பில் உரிய வடிகட்டி உறுதியாகப் பொருத்தப்பட்டுள்ளதா என்பதை ஒவ்வொரு முறையும் சரிபார்த்தல் வேண்டும். காமிராவின் முன் உள்ள வடிகட்டி கண்ணுக்குக் காவலன்று. சூரியனுக்கென அமைந்த வடிகட்டியில்லாத எந்தத் தொலைநோக்கியின் வழியாகவும் மாணவர்களைச் சூரியனைக் காண விடலாகாது.

சுருங்கக் கூறின், முதலில் சோதித்து அறிதல், அடுத்துக் காமிராவைச் சாய்த்தல், பின்னர் இருட்படத்தைக் கழித்துச் சமவொளிப் படத்தால் வகுத்தல், இறுதியில் தேவையாயின் மட்டும் கணிப்பொறித் திருத்தம் என்பதே முறையான வரிசையாகும். இவ்வரிசையில் மேற்செல்லும் ஒவ்வொரு படியும் முன்னையதைவிடப் படத்தில் அதிகமாகத் தலையிடுகிறது. ஆதலால் முதற்படிகளில் செலவிடும் சிறிது நேரம், சூரியனைப் பற்றிய பதிவின் நம்பகத்தைக் காக்கும்.